ஞாயிறு, வெயில், ரயில்: பிரைட்டன் கடற்கரைக்குக் கூட்டம் வந்த கதை

இங்கிலாந்தில் வெயில் என்பது ஒரு செய்தி. நம் ஊரில் மழை பெய்தால் குடை பிடித்துப் போகும் பள்ளிப் பிள்ளைகளின் படம் பேப்பரில் வருகிறதல்லவா? அங்கே வெயில் அடித்தால் கடற்கரையில் படுத்துக் கிடக்கும் ஜனங்களின் படம் வரும். அதில் பாதி பிரைட்டனில் எடுத்ததாகத்தான் இருக்கும்.

லண்டனிலிருந்து நேர் தெற்கே, ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடற்கரை என்றதும் மணலை நினைத்துக்கொள்ளாதீர்கள். பிரைட்டன் முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலில் நடந்தால் உயிர் போகும். ஆனாலும் ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை, அதாவது அவர்களுடைய 'வங்கி விடுமுறை' அன்று, வெயிலும் கூடிவிட்டால் அந்தக் கல்லின் மேல் துண்டு விரிக்க இடம் கிடைக்காது.

பார்த்தால் ரொம்ப இயற்கையான விஷயம் போலத் தெரிகிறது. வெயில் இருக்கிறது, கடல் இருக்கிறது, லீவு இருக்கிறது, போகிறார்கள். இதற்கென்ன வரலாறு என்று தோன்றும். ஆனால் இந்த மூன்றும் ஒன்றுசேர ஏறக்குறைய 200 வருடம் ஆகியிருக்கிறது! கடல் முதலில் வந்தது. பிறகு லீவு. வெயில்தான் கடைசி. இதில் லீவு வந்த கதைதான் எனக்கு மனதை விட்டுப் போகாத கதை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றதை வேகமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் கடல்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டன் ஒரு மீனவர் ஊர். பெயர்கூட 'பிரைட்ஹெல்ம்ஸ்டன்'. 1703-லும் 1705-லும் அடித்த புயல்களில் ஊரின் கடலோரப் பகுதி நாசமாகி, நொடித்துப் போய்க் கிடந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில் லூயிஸ் என்ற ஊரில் இருந்த ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர், 1750-இல் லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். சுரப்பிகளில் வரும் நோய்களுக்குக் கடல்நீர் மருந்து என்பது சாரம். குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும்! (உப்புக் கரிக்கும் அந்தத் தண்ணீரைக் காசு கொடுத்துக் குடித்திருக்கிறார்கள்.) புத்தகம் நன்றாக ஓடியது. 1753-இல் பிரைட்டனிலேயே கடலைப் பார்த்து வீடு கட்டிக்கொண்டு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். பணக்கார நோயாளிகள் வந்தார்கள். பின்னாலேயே நோயில்லாத பணக்காரர்களும் வந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கடல் குளியலுக்கும் வெயிலுக்கும் சம்பந்தமே கிடையாது. தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது நம்பிக்கை. ஃபேன்னி பர்னி என்ற நாவலாசிரியை 1782 நவம்பரில், விடிவதற்கு முன், நிலா வெளிச்சத்தில் பிரைட்டன் கடலில் குளித்ததைப் பற்றித் தன் எழுத்தில் குறித்திருக்கிறார். நவம்பர் மாத இங்கிலாந்துக் கடல்! யோசித்தாலே பல் கிட்டுகிறது. குளிப்பவரைக் குதிரை இழுக்கும் ஒரு மரவண்டியில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோவார்கள். வண்டிக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டு படியில் இறங்கினால், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஒரு பெண் பிடித்து முக்கி எடுப்பாள். இப்படி முக்கும் வேலையில் பேர் பெற்றவர் மார்த்தா கன். 1815-இல், 80 வயதைத் தாண்டிய பிறகு இறந்தார். பிரைட்டனில் செயின்ட் நிக்கலஸ் சர்ச் வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. ஊருக்கு வந்துபோன பிரபுக்களில் எத்தனை பேர் பெயர் இன்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்? மார்த்தா கன் பெயர் தெரியும்.

1783-இல் வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்) முதல்முறை வந்தார். ஊர் பிடித்துப்போனது. அவருக்காகத்தான் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815-இல் ஆரம்பித்து, வெங்காய வடிவக் கும்மட்டங்களும் மினார்களுமாக 'ராயல் பெவிலியன்' அரண்மனையைக் கட்டினார். வெளியே பார்த்தால் மொகலாயர் கட்டியது போலிருக்கும், உள்ளே போனால் சீனா. இங்கிலீஷ்காரன் கடற்கரையில் எதற்கு இதெல்லாம் என்று கேட்கக் கூடாது, அதுதான் இளவரசர்.

ஒரு கொசுறுத் தகவல். அதே பிரைட்டனில் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். ஆங்கிலத்தில் புத்தகம் எழுதி வெளியிட்ட முதல் இந்தியர் அவர் (1794). லண்டனில் 1810-இல் இந்திய உணவகம் திறந்து, கையைச் சுட்டுக்கொண்டு, பிறகு பிரைட்டனுக்கு வந்தார். உடம்பு பிடித்துவிடும் 'சம்பி' என்ற நம் நாட்டு வித்தையை அங்கே 'ஷாம்பூயிங்' என்ற பெயரில் அறிமுகம் செய்து, இரண்டு மன்னர்களுக்கு 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். நாம் ஒரு ரூபாய்க்குப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிய ஷாம்பூ என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது ஹிந்தியிலிருந்து.

ஆக 1840 வரைக்கும் பிரைட்டன் என்பது மன்னர், பிரபு, நோயாளி, இவர்களின் ஊர். லண்டனிலிருந்து குதிரை வண்டியில் ஐந்தாறு மணி நேரப் பயணம், தங்குவதற்குப் பணம், எல்லாவற்றுக்கும் மேலாக வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லாத வாழ்க்கை. இவை இருந்தால்தான் கடலைப் பார்க்க முடியும்.

1841 செப்டம்பர் 21-ஆம் தேதி லண்டன் - பிரைட்டன் ரயில் பாதை திறக்கப்பட்டது. பயண நேரம் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. ஆரம்பத்தில் டிக்கெட் ஏழைக்கு எட்டாத விலைதான். ஆனால் ரயில் கம்பெனிக்காரர்கள் சீக்கிரமே ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பணக்காரனிடம் நிறைய வாங்குவதைவிட, ஆயிரம் ஏழைகளிடம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் லாபம் அதிகம். 1844 ஈஸ்டர் திங்கட்கிழமை பல எஞ்சின்கள் பூட்டிய நீண்ட 'எக்ஸ்கர்ஷன்' ரயில் ஒன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வந்தது. அதே வருடம் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் தினமும் குறைந்தது ஒரு ரயிலாவது மைலுக்கு ஒரு பென்னி கட்டணத்தில், கூரை போட்ட பெட்டியோடு ஓட்ட வேண்டும். கூரையைச் சட்டம் போட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் மூன்றாம் வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கூட்டம் வர ஆரம்பித்ததும் விக்டோரியா மகாராணிக்கு ஊர் பிடிக்காமல் போய்விட்டது. கடைசியாக 1845-இல் வந்தார். 1850-இல் அரண்மனையை ஊராருக்கே விற்றாயிற்று, விலை 53,000 பவுண்டு. ராணி காலி செய்தார், தையற்காரரும் தச்சரும் குமாஸ்தாவும் வந்தார்கள். 1862 ஈஸ்டர் திங்கள் அன்று ஒரே நாளில் ரயிலில் வந்து இறங்கியவர்கள் 1,32,000 பேர். அப்போது பிரைட்டனின் மொத்த ஜனத்தொகையே அந்த அளவுக்கு இல்லை!

சரி, இப்போதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

அந்த 1862 கூட்டத்துக்கு ஏழு எட்டு மாதம் முன்பு, 1861 ஆகஸ்ட் 25-ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டனுக்கு வடக்கே சில மைல் தொலைவில் கிளேட்டன் குகை. சுண்ணாம்புக் குன்றுக்கு அடியில் 2,259 கஜம் நீளம், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். தெற்கு வாயிலில் ஒரு சிக்னல்மேன், பெயர் ஹென்றி கில்லிக். வடக்கு வாயிலில் இன்னொருவர், பிரவுன். இருவருக்கும் நடுவே ஊசி அசையும் தந்திக் கருவி. 'குகைக்குள் ரயில்', 'குகை காலி', இப்படிச் சில செய்திகளை மட்டும்தான் அதில் அனுப்ப முடியும். எந்த ரயில் என்று சொல்ல வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை பிரைட்டனிலிருந்து லண்டன் பக்கம் மூன்று ரயில்கள் அடுத்தடுத்துக் கிளம்பின. முதலாவது போர்ட்ஸ்மவுத்திலிருந்து வந்த எக்ஸ்கர்ஷன். இரண்டாவது பிரைட்டன் எக்ஸ்கர்ஷன். மூன்றாவது சாதாரண ரயில். முதல் இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டாடக் கிளம்பிய கூட்டம். (லண்டன்காரன் கடலைப் பார்க்க பிரைட்டனுக்கு வருகிறான், கடற்கரைக்காரன் லண்டனைப் பார்க்கப் போகிறான். இக்கரைக்கு அக்கரை பச்சை!) விதிப்படி ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். அன்று அவை கிளம்பிய நேரம் 8:28, 8:31, 8:35.

முதல் ரயில் குகைக்குள் போனதும் கைகாட்டி தானாகவே ஆபத்து நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. எச்சரிக்கை மணி அடித்தது. கில்லிக் பிரவுனுக்குத் தந்தி அடித்துவிட்டு நிமிர்வதற்குள் இரண்டாவது ரயில் வந்துவிட்டது. சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஆட்டினார். ரயில் அவரைக் கடந்து குகைக்குள் நுழைந்துவிட்டது. டிரைவர் பார்த்தாரா இல்லையா? கில்லிக்குக்குத் தெரியாது. 'குகை காலியா?' என்று பிரவுனைக் கேட்டார். அந்த நேரத்தில்தான் முதல் ரயில் வடக்கு வாயிலில் வெளியே வந்தது. பிரவுன் அதைப் பார்த்து 'காலி' என்று பதில் அனுப்பினார். கில்லிக் அது இரண்டாவது ரயில் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவது ரயிலுக்கு வெள்ளைக் கொடி காட்டினார், அதாவது போகலாம்.

உண்மையில் இரண்டாவது ரயிலின் டிரைவர் சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டார். குகைக்குள் நிறுத்தி, என்ன ஆபத்து என்று கேட்க ரயிலைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். இருட்டில் மூன்றாவது ரயில் நேராக அதன் கடைசிப் பெட்டியில் மோதியது. 23 பேர் செத்தார்கள். 176 பேருக்குக் காயம். சிலர் எஞ்சினிலிருந்து கொட்டிய கொதிநீரிலும் நீராவியிலும் வெந்து போனார்கள்.

விபத்துக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கைகாட்டி கெட்டது, இடைவெளி இல்லாமல் ரயில் விட்டது, தந்தியில் சொல்ல முடிந்தது குறைவு. ரயில்களை அடுத்தடுத்து அனுப்பியதற்காக பிரைட்டன் ஸ்டேஷனின் துணை அதிகாரி மேல் வழக்குகூட நடந்தது, விடுதலை ஆகிவிட்டார். ஆனால் விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம்தான் என்னை உலுக்கியது. கில்லிக் அன்று பார்த்துக்கொண்டிருந்தது தொடர்ச்சியாக 24 மணி நேர வேலை. வழக்கமாக அவருக்கு விதித்திருந்தது 18 மணி நேரம் (அதுவே என்ன கொடுமை!). ஏன் 24 மணி நேரம் வேலை செய்தார்? வாரத்தில் ஒரு முழு நாள் லீவு வேண்டும் என்பதற்காக.

அவ்வளவுதான். ஒரு நாள் லீவு. குகைக்குள் போன ரயில்களில் இருந்தவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, குகை வாசலில் கொடி பிடித்து நின்றவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் அவர்களுடைய லீவு நாள்தான் இவருக்கு ரொம்பக் கூட்டமான வேலை நாள். சார்லஸ் டிக்கன்ஸ் 1866-இல் எழுதிய சிக்னல்மேன் பற்றிய பேய்க் கதைக்கு இந்த விபத்து தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ பேயைவிட அந்த 24 மணி நேரம்தான் பயமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் லீவு என்பதே ஒரு விநோதமான பொருள். ஞாயிறு சர்ச்சுக்கு. அதில் பொழுதுபோக்கக் கூடாது என்று பக்திமான்கள் சண்டை போடுவார்கள். கைவினைத் தொழிலாளிகள் பலர் திங்கட்கிழமை வேலைக்கே போக மாட்டார்கள், அதற்குக் கிண்டலாக 'புனிதத் திங்கள்' என்று பெயர். (நம் ஊரில் சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே கடையை மூடுகிறார்கள், அங்கே குடித்துவிட்டுத் தூங்கினார்கள்.) இயந்திரத் தொழிற்சாலைகள் வந்ததும் முதலாளிகள் அதை ஒழிக்கப் பார்த்தார்கள். 1850-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், நெசவு மில்களில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. 'அரைநாள் சனி' பிறந்தது இப்படி. சட்டப்படி இல்லாத திங்களைப் பிடுங்கிக்கொண்டு, சட்டப்படி அரைச் சனியைக் கொடுத்தார்கள் என்றும் சொல்லலாம்.

பாங்க் ஆப் இங்கிலாந்து முன்பு வருடத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாட்கள் மூடியிருக்கும், புனிதர்களின் திருநாள் எல்லாம் லீவு. 1834-இல் அதை நாலே நாலாகக் குறைத்துவிட்டார்கள். பிறகு 1871-இல் சர் ஜான் லப்பக் வந்தார். மனிதர் பேங்கர், எம்.பி., கூடவே விஞ்ஞானி. டார்வினின் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, அவர் தூண்டுதலில் வளர்ந்தவர். எறும்பு, தேனீ, குளவி பற்றிப் பின்னாளில் பிரபலமான புத்தகம் எழுதினார். எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்று தோன்றியது ஆச்சரியம்தான் :-)

அவர் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் 1871 மே மாதம் நிறைவேறியது. ஈஸ்டர் திங்கள், விட்சன் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக நான்கு நாட்கள். சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால் தொழிலாளி, கடற்கரை, வெயில் எதுவும் கிடையாது. அந்த நாட்களில் வங்கிகள் மூடியிருக்கலாம், அன்று கெடு முடியும் உண்டியல்களுக்கு மறுநாள் பணம் கொடுத்தால் போதும், இவ்வளவுதான் சாரம். ஆனால் வங்கி மூடினால் வியாபாரம் ஓடாது. வியாபாரம் ஓடாவிட்டால் ஆபீஸும் பட்டறையும் திறந்து என்ன பயன்? ஒவ்வொன்றாக மூடின. முதல் ஆகஸ்ட் விடுமுறை 1871 ஆகஸ்ட் 7. ஈஸ்டர், விட்சன், கிறிஸ்துமஸ் எல்லாம் மதத்தோடு ஒட்டியவை. ஆகஸ்ட் திங்களுக்கு மட்டும் எந்தச் சாமியும் கிடையாது. கோடையில் ஒரு நாள் சும்மா இருப்பதற்காகவே ஒரு நாள்! ஜனங்கள் அதற்கு 'செயின்ட் லப்பக் தினம்' என்று பெயர் வைத்தார்கள்.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. தமிழ்நாடு அரசு வருடா வருடம் பொது விடுமுறைப் பட்டியல் வெளியிடுகிறதல்லவா? அது எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? 1881-ஆம் வருட நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டம். அதாவது செக் பவுன்ஸ் ஆனால் கேஸ் போடுகிறார்களே, அதே சட்டம்! வெள்ளைக்காரன் காலத்து அதே லாஜிக். லீவு நாளில் உண்டியலுக்குக் கெடு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கான பதிலில்தான் நம் பொங்கலும் தீபாவளியும் உட்கார்ந்திருக்கின்றன.

1871-க்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. ரயில்வே ஊழியர்களின் தேசிய அளவிலான சங்கம் அதே வருடத்தில்தான் ஆரம்பித்தது. ஒரே வருடத்தில் ஊருக்கெல்லாம் ஆகஸ்ட் திங்கள் கிடைக்கிறது, அன்று ஊரைக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறவர்கள் 'எங்கள் வேலை நேரத்தைக் குறையுங்கள்' என்று சங்கம் சேர்கிறார்கள். யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை, இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று பதில் போலிருக்கிறது.

அவர்களுக்குப் பதில் வர ரொம்ப நாள் ஆனது. குகை விபத்துக்குப் பிறகு, ஐந்து நிமிட இடைவெளி என்று கடிகாரத்தை நம்பாமல், ஒரு துண்டுப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் என்ற முறை வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். கம்பெனிகள் செலவைக் காட்டி இழுத்தடித்தன. கட்டாயமானது 1889-இல். அதற்கும் ஒரு கடற்கரைப் பயணம் பலியாக வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜூன் 12 அன்று அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வாரன்பாயின்ட் கடற்கரைக்கு அழைத்துப்போன ரயில் விபத்துக்குள்ளாகி, ஏறக்குறைய 80 பேர் இறந்தார்கள். பலர் குழந்தைகள். அதற்கு அப்புறம்தான் பார்லிமென்ட் கம்பெனிகளின் கழுத்தைப் பிடித்தது. ரயில்வே ஊழியர் வேலை நேரம் பற்றிய சட்டம் 1893. எட்டு மணி நேர வேலை கிடைத்தது 1919-இல். கில்லிக்கின் அந்த ஞாயிறிலிருந்து 58 வருடம்!

ரயில்காரர்கள் மட்டுமில்லை. 1911, 1912 கடைச் சட்டங்கள் இங்கிலாந்துக் கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் ஒரு மதியம் ஓய்வு கொடுத்தன. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு. சுற்றுலாப் பயணிகள் வரும் ஊர்களில் சீசன் மாதங்களில் மட்டும் அந்த அரைநாள் கடையடைப்பை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். வெயில் அடிக்கிற மாதங்களில், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கடலோரக் கடைச் சிப்பந்தி கல்லாவுக்குப் பின்னால்தான்.

இனி வெயிலுக்கு வருவோம், அதுதான் கடைசியாக வந்த விருந்தாளி.

விக்டோரியா காலத்துக் கடற்கரைப் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண்கள் கோட்டு, தொப்பி. பெண்கள் கழுத்து முதல் கால் வரை மூடிய கவுன், கையில் குடை. வெயிலில் கருத்தால் வயலில் வேலை செய்கிறவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். (சிவப்பழகு கிரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை.) இதை மாற்றியதும் டாக்டர்கள்தான், பாதி. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் ஒரு வகைக் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை கொடுத்ததற்காக 1903-இல் நோபல் பரிசு வாங்கினார். அதே வருடம் ஸ்விட்சர்லாந்தில் ரோலியே என்ற டாக்டர் நோயாளிகளை மலைமேல் வெயிலில் படுக்க வைத்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1919-இல், எலும்பு வளைந்த குழந்தைகளை அல்ட்ரா வயலட் விளக்கு குணமாக்கும் என்று தெரிந்தது. மறுபாதியை மாற்றியது தொழிற்சாலை. தொழிலாளி வயலைவிட்டு மில்லுக்கும் ஆபீஸுக்கும் உள்ளே போய்விட்டான், வெளுத்துப் போனான். அப்புறம் கருத்த தோல் எதன் அடையாளம்? லீவு எடுக்க வசதி உள்ளவன் என்பதன் அடையாளம்! 1920-களில் பணக்காரர்கள் வேண்டுமென்றே கருக்க ஆரம்பித்தார்கள்.

1930-களில் பிரைட்டன் முழுக்க வெயிலுக்கே கட்டியது போல் மாறியது. ஊரின் கிழக்கு ஓரத்தில் சால்ட்டீன் லிடோ என்ற திறந்தவெளி நீச்சல் குளம் 1938-இல் திறந்தது. கப்பல் மேல்தளம் போல வளைந்த வெள்ளைக் கட்டடம், மேலே வெயில் காய இடம். அதே 1938-இல்தான் சம்பளத்தோடு விடுமுறைச் சட்டமும் வந்தது. அதுவரை பெரும்பாலான கூலித் தொழிலாளிக்கு லீவு என்றால் அன்றைக்குச் சம்பளம் கட். ஒரு வாரம் சம்பளத்தோடு ஓய்வு என்பது முதல்முறையாகச் சட்டப் பேச்சானது. கடல், லீவு, வெயில் மூன்றும் சேர்ந்த வருடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் 1938 என்றுதான் சொல்வேன். ஆனால் அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. 1940 ஜூலையில், ஹிட்லர் படையெடுத்து வருவான் என்ற பயத்தில் கடற்கரையையே மூடி, முள்கம்பி கட்டி, கண்ணிவெடி புதைத்துவிட்டார்கள். கடற்பாலங்களில் நடுப்பகுதியைக்கூட வெட்டி எடுத்தார்கள்.

முள்கம்பி என்றதும் இன்னொன்று. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு பிரைட்டனில் ஆஸ்பத்திரிகள் வைத்தார்கள், 1914 கடைசியிலிருந்து 1916 தொடக்கம் வரை. ராயல் பெவிலியனே ஆஸ்பத்திரி ஆனது. ஒவ்வொரு சாதி, மதத்துக்கும் தனித்தனிச் சமையல், தனித் தண்ணீர்க் குழாய் என்று ரொம்ப அக்கறையாகத்தான் செய்தார்கள், படம் எடுத்து அஞ்சலட்டையாகவும் விற்றார்கள். ஆனால் குணமாகி வரும் சிப்பாய் தன் இஷ்டத்துக்கு ஊருக்குள்ளோ கடற்கரைக்கோ போய்வர முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும், கூட ஆள் வேண்டும். 'கிச்சனர்' என்ற இன்னொரு ஆஸ்பத்திரியில் சுவரின் மேல் முள்கம்பி, வாசலில் காவல். பிரான்சில் அவர்களுக்காகக் குண்டடி படலாம், பிரைட்டனில் ஒரு மதியம் தனியாகக் கடலைப் பார்த்து நிற்க முடியாது. ஆஸ்பத்திரியில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேரைத் தகனம் செய்த இடத்தில், ஊருக்கு வடக்கே குன்றின் மேல், 'சத்ரி' என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் 1921-இல் எழுந்தது. அங்கிருந்து பார்த்தால் ஊரும் கடலும் தெரியும்.

போருக்குப் பின் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1964 விட்சன் விடுமுறையில் மோட்ஸ், ராக்கர்ஸ் என்ற இரண்டு இளைஞர் கூட்டங்கள் கடற்கரையில் அடித்துக்கொண்டன, சாய்வு நாற்காலிகள் பறந்தன. மறு வருடமே ஆகஸ்ட் விடுமுறையை மாதக் கடைசிக்குத் தள்ளிப் பரிசோதனை செய்து, 1971-இல் கடைசித் திங்கள் என்றே சட்டமாக்கினார்கள். (அடிதடிக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம், கோடைக் கூட்டத்தைக் கொஞ்சம் பரப்பிவிடத்தான்.) 1960, 70-களில் மலிவு விமானத்தில் ஸ்பெயின் போக ஆரம்பித்ததும் ஆங்கிலக் கடற்கரை ஊர்கள் வாடின. 1866-இல் கட்டிய மேற்குக் கடற்பாலம் 1975-இல் மூடப்பட்டு, 2003-இல் இரண்டு முறை தீப்பிடித்து, இன்று கடலுக்குள் துருப்பிடித்த எலும்புக்கூடாக நிற்கிறது. ஆனால் பிரைட்டனுக்கு மட்டும் லண்டன் பக்கத்தில் இருந்தது. 2002 ஜூலை 13, சனிக்கிழமை, ஃபேட்பாய் ஸ்லிம் என்ற டி.ஜே. கடற்கரையில் இலவசக் கச்சேரி வைத்தார். எதிர்பார்த்தது 60,000 பேர் அளவில், வந்தது இரண்டரை லட்சம் என்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷன் திணறிப்போனது. குப்பையைக் கூட்டி முடிக்கவே நாட்கள் ஆயின. அந்த வார இறுதியில் யாருக்கு ஓவர்டைம் என்று சொல்லத் தேவையில்லை.

கிளேட்டன் குகை இன்றும் உபயோகத்தில்தான் இருக்கிறது. அதன் வடக்கு வாயிலைக் கோட்டை வாசல் போல இரண்டு கோபுரங்கள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு கோபுரங்களுக்கும் நடுவே, தண்டவாளத்துக்கு நேர் மேலே, ஒரு சின்ன வீடு. லண்டனிலிருந்து வருகிற ரயில் அந்த வீட்டுக்கு அடியில் நுழையும். ஒன்றிரண்டு நிமிடம் ஜன்னலில் இருட்டு. பிறகு தெற்கு வாயில், கில்லிக் கொடியோடு ஓடிய இடம், வெளிச்சம். அதைத் தாண்டினால் இன்னும் சில நிமிடத்தில் பிரைட்டன்.